கினிப்பன்றிகளுக்கு ஒரு பட்டுச்சேலை

கூட்டை இருவருமாகத் தூக்கிக்கொண்டு படியேறினார்கள், என் சிநேகிதியும் அவள் கணவரும். லண்டன் கிங்ஸ்பரியில் என் வீடு இரண்டாம் மாடி, லிஃப்ட் கிடையாது. ஒவ்வொரு படியிலும் கூடு இடிபட்டது. உள்ளே இரண்டு கினிப்பன்றிகள், ஒன்று பழுப்பு, ஒன்று வெள்ளை, அட்டைப்பெட்டி வீட்டுக்குள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி உறைந்துபோயிருந்தன. அவளுடைய மகளின் செல்லங்கள். மகள் பெரியபிள்ளையாகிவிட்டாள், சனிக்கிழமை சாமத்தியவீட்டுச் சடங்கு. பாரிஸிலிருந்தும் சூரிச்சிலிருந்தும் வரும் சனத்தால் ரெய்னர்ஸ் லேனில் அவர்கள் வீடு நிரம்பப்போகிறது. சனம் போகும்வரை இவை இரண்டும் என்னிடம்.

நான் அதுவரை ஒரு மீன்கூட வளர்த்தவளில்லை. ஆனாலும் என் கண் கூட்டில் இல்லை, அவளுடைய கைப்பையில் இருந்தது. அழைப்பிதழ் அதற்குள் இருக்கவேண்டும். நெருங்கியவர்களுக்கு அதை முதலில் கொண்டுவருவார்கள், அல்லது கடைசியில் கொண்டுவருவார்கள். நான் கடைசி என்று நினைத்திருந்தேன். வேலையில் சனிக்கிழமை ஷிப்டை மாற்றி லீவு எடுத்தாயிற்று. மயில்கழுத்து நிறத்தில் பட்டுச்சேலை வாங்கி, ரவிக்கையும் தைத்து வந்தாயிற்று.

"எப்பவும் புல் கிடக்கவேணும்," என்றாள், காய்ந்த புல் மூட்டையை மூலையில் வைத்தபடி. "சாப்பாடு நிண்டால் செத்துப்போங்கள். வெங்காயம், கிழங்கு குடுத்திடாதை. ஒண்டை ஒண்டு பிரிச்சும் வைக்கப்படாது. தனிய இருந்தால் ஏங்கிப்போடுங்கள்."

"என்னைவிட நுட்பமான சாமான்கள்தான்," என்றேன்.

அவள் கணவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. காரை நிறுத்தக்கூடாத மஞ்சள் கோட்டில் விட்டிருப்பதாகச் சொல்லி அவர் இறங்கிப் போனார். நானே கேட்டேன்.

"சனிக்கிழமை சாமத்தியவீட்டு ஹோலுக்கு எத்தினை மணிக்கு வர?"

அவள் தண்ணீர்ப் போத்தலைக் கழற்றினாள், மறுபடி மாட்டினாள்.

"எட்மண்டன் அண்ணைக்கு இவர் சொல்லிப்போட்டாரடி. சொல்லாமல் விடேலாது, ஒண்டாய் பிஸ்னஸ் செய்தவை. அவை சோடியாய் வருவினம். நீயும் அங்கை நிண்டால் உனக்குத்தான் மனக்கஷ்டம்."

எட்மண்டன் அண்ணை என்பது என்னை விட்டு அங்கே குடிபோன என் கணவர். சோடி என்பது அவர் போய்ச் சேர்ந்தவள்.

"எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை," என்றேன். "பின்வரிசையில இருந்திட்டுப் போறன்."

"என்ரை மாமி வேறை வந்து நிக்கிறா. ஆராத்தி, பிள்ளையின்ரை தலையில பால் வைக்கிறது, எல்லாத்துக்கும் ஆர் கிட்ட நிக்கிறது, ஆர் நிக்கப்படாது எண்டு பாக்கிற மனிசி. எனக்கு உதிலையெல்லாம் நம்பிக்கை இல்லை, உனக்குத் தெரியும்தானே." பிறகு என் தோளைத் தொட்டாள். "நீ விளங்கிக்கொள்ளுவாய். பிள்ளைக்கு, ஆன்ரிக்கு ஷிப்ட் எண்டு சொல்லியிருக்கிறன். அவள் கேட்டால் நீயும் அப்பிடியே சொல்லு."

விளங்கிக்கொள்ளுவாய். என் வாழ்நாள் முழுக்க மற்றவர்கள் என் கையில் கொண்டுவந்து வைத்த பாரங்களின் மேலெல்லாம் இந்தச் சொல்லைத்தான் ஒட்டியிருந்தார்கள். அவள் போன பிறகு கூட்டின் முன் தரையில் உட்கார்ந்தேன். இந்த நகரத்துக்கு ஒரே குளிர்காலத்தில் வந்து ஒரே கட்டிலில் முறைவைத்துத் தூங்கியவர்கள் நாங்கள். அந்தப் பிள்ளையை நர்சரியிலிருந்து கூட்டிவந்தது நான். அவளுக்கு முதல் பல் விழுந்தது என் சமையலறையில். இன்று அந்தப் பிள்ளையின் மிருகங்களைத் தொடலாம், அவற்றின் மூத்திரம் ஊறிய புல்லை அள்ளலாம். அவளுடைய நெற்றியைத் தொடலாகாது.

கினிப்பன்றிகளுக்கு இது எதுவும் தெரியாது. அவற்றுக்குத் தெரிந்தது பை ஒன்றுதான். வேலை முடிந்து தமிழ்க்கடையில் மல்லித்தழை வாங்கிக்கொண்டு நான் கதவைத் திறப்பேன். பை சரசரக்கும். உடனே கூட்டுக்குள் விசில் போலொரு கூச்சல், இரண்டு குரலில், கம்பியில் மூக்கை நீட்டி, நிலம் தொடாத துள்ளலோடு. இத்தனை வருடத்தில் நான் கதவைத் திறந்து உள்ளே வந்ததற்கு எந்த உயிரும் இப்படிக் கத்தியதில்லை. எனக்காக அல்ல, மல்லிக்காக. அந்த வித்தியாசம் எனக்குத் தெரியும். அந்த வித்தியாசத்தோடு எத்தனையோ காலம் குடும்பம் நடத்தியவள் நான்.

சனிக்கிழமை காலையில் லீவு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. குளித்தேன். தேநீரை ஆறவிட்டேன். பிறகு ஏனென்று தெரியாமல், இல்லை, தெரிந்தேதான், சேலையை எடுத்தேன். ஒருவரும் பார்க்காத வீட்டில் கண்ணாடிக்கு முன் நின்று கொசுவம் வைத்தேன். முந்தானையைத் தோளில் போட்டுக்கொண்டு வரவேற்பறைக்கு நடந்தேன்.

புதுப்பட்டு சரசரத்தது.

கூட்டுக்குள் கூச்சல் எழுந்தது. பட்டின் சத்தம் அவற்றுக்குப் பையின் சத்தம். பழுப்பு கம்பியைப் பிடித்து நிமிர்ந்து நின்றது, வெள்ளை அட்டைவீட்டின் மேல் ஏறியது. நான் ஓரடி வைத்தால் கத்தின, நின்றால் நிறுத்தின. கொசுவத்தைக் கையால் அசைத்தேன், மறுபடி கத்தின. மேளம், நாதஸ்வரம், மேடையில் புகை விடுகிற மெஷின் எல்லாம் அங்கே. இங்கே என் சேலைக்கு இந்த இரண்டு வாய். சிரிப்பு வந்தது. அது சிரிப்பாக முடியவில்லை.

அப்போது போன் அடித்தது. வீடியோ அழைப்பு, பிள்ளை. மல்லி கேட்டுக் கத்துகிறவற்றைக் காட்டிவிட்டு வைத்துவிடலாம் என்று நினைத்து, கட்டியிருந்த சேலையை மறந்து எடுத்துவிட்டேன். மேக்கப் அறையில் இருந்தாள், தலை முழுக்கப் பூவும் சடைநாகமும். எவ்வளவு பெரிய பாரம் அந்தச் சின்னக் கழுத்தில்.

"ஆன்ரி, பல்லக்கில ஏற முதல் அதுகளை ஒருக்காக் காட்டுங்கோ, ப்ளீஸ்," என்றவள் என்னைப் பார்த்து நிறுத்தினாள். "ஓ மை கோட். நீங்க சாறி கட்டியிருக்கிறீங்க. வாறீங்களா? அம்மா ஷிப்ட் எண்டவா."

அவளுக்குப் பின்னால் என் சிநேகிதி நின்றாள். கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. என்னைப் பார்த்து மெல்லத் தலையை ஆட்டினாள், மாட்டேன் என்று சொல்லச் சொல்லி.

"ஷிப்ட்தான்," என்றேன். "வெளிக்கிட்டுக்கொண்டு நிக்கிறன்."

பட்டு கட்டிக்கொண்டு யார் ஷிப்டுக்குப் போவார்கள். பிள்ளை ஏதோ கேட்கத் தொடங்க, ஒரு கை வந்து போனை வாங்கியது. திரை இருண்டது. இரண்டு கினிப்பன்றிகளுக்கும் ஒரு கட்டு மல்லி முழுவதையும் போட்டேன். விருந்து.

சனம் போன பிறகு கூட்டை எடுக்க வந்தார்கள், தாயும் மகளும். சிநேகிதி பலகாரப் பெட்டியொன்றை மேசையில் வைத்தாள். என் கண்ணைப் பார்க்காமல், மிருகங்கள் கொழுத்துவிட்டதாகச் சொன்னாள். பிள்ளை பழுப்பை மடியில் வைத்துக்கொண்டு போனில் படங்களை எனக்குத் தள்ளித் தள்ளிக் காட்டினாள். பல்லக்கு. கேக். பிறகு ஆராத்தி. தட்டைப் பிடித்து நின்ற இருவரில் ஒருத்தி, எட்மண்டன்காரி. அவள் விரல் பிள்ளையின் நெற்றியில் இருந்தது.

பிள்ளை அந்தப் படத்தில் நிறுத்தினாள். "ஆன்ரி, அண்டைக்கு உண்மையா ஷிப்டா?"

"ஓம், ஷிப்ட்தானே," என்றாள் தாய், எனக்கு முன்னால்.

"இல்லை," என்றேன். "என்னை ஒருத்தரும் கூப்பிடேல்லை."

பிள்ளை தாயைப் பார்த்தாள். பிறகு படத்தைப் பார்த்தாள். போனை அணைத்துவிட்டு மடியிலிருந்ததைத் தடவத் தொடங்கினாள், என்னைப் பார்க்கவில்லை.

"சின்னப்பிள்ளையோடை கதைக்கிற கதையே இது?" என்றாள் சிநேகிதி, குரலைத் தாழ்த்தி.

"சின்னப்பிள்ளை எண்டால், பெரியபிள்ளையாகிட்டாள் எண்டு ஏனடி ஹோல் எடுத்தனீ?"

பிள்ளை பழுப்பைக் கூட்டுக்குள் விட, சிநேகிதி கொக்கியைப் போட்டாள். இந்த முறை அவளும் பிள்ளையும் தூக்கினார்கள். உதவ நான் எழுந்தேன். "பரவாயில்லை, எங்களுக்கு ஏலும்," என்றாள் அவள். கூடு கீழே போகும் வரை ஒவ்வொரு படியும் கேட்டது.

அன்று மாலையே செய்தி வந்தது. நீ இப்பிடிச் செய்வாய் எண்டு நான் நினைக்கேல்லை.

நானும் உன்னை அப்பிடி நினைக்கேல்லை என்று எழுதி அனுப்பினேன். பார்த்துவிட்டாள் என்று இரண்டு கோடுகள் நீலமாயின. அவ்வளவுதான், இன்றுவரை. கடை வாசலில் ஒருமுறை அவளைக் கண்டேன், மரக்கறியை மிகக் கவனமாகத் தெரிவுசெய்துகொண்டிருந்தாள். பிள்ளை எனக்கு எழுதவில்லை. எழுதக்கூடாது என்று சொன்னார்களா, அவளாகவே விட்டாளா, தெரியாது. தெரிந்துகொள்ள நான் முயலவுமில்லை.

கம்பளத்தில் புல் இன்னும் வருகிறது, எத்தனை தடவை ஹூவர் மெஷினால் உறிஞ்சி எடுத்தாலும். சேலை அலுமாரியில். பையோடு கதவைத் திறக்கும்போது மட்டும் கை தானாகவே பையை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது, அது சரசரக்காமல்.