தேர் மார்க்கு நெய்க்கு யார் சூடம் அணைப்பது?

அடுத்தவர் சரக்குக்குத் தன் வாயை வாடகைக்கு விடுவதுதான் விளம்பர ஏஜெண்டு தொழில். சரக்கு நன்றாக இருந்தால் முதலாளிக்குப் பெயர், கெட்டுப்போனால் ஏஜெண்டுக்கு உதை. முதலாளிக்காக ஊர்ப் பேச்சு வாங்கிக் கட்டிக்கொண்ட அன்பர்களே, நான் மலாயாவில், ஜொகூரில் நெய் விற்ற கதையைக் கேளுங்கள். உங்கள் பாடு தேவலை என்று தோன்றும்.

பாட்டுப் பெட்டி

ஜொகூர் பாருவில் எங்கள் கம்பெனி. கிராமபோனைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி கூலாய், ஆயர் ஈத்தாம் பக்கத்து ரப்பர் தோட்டங்களுக்குப் போவேன். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு முன்னால் பாட்டுப் போட்டால் கூட்டம் சேரும், நடுவில் நெய்யைப் பற்றி நாலு வார்த்தை. பலருக்கு எழுத்துத் தெரியாது. தகர டின்னில் இருக்கும் தேர்ப் படம்தான் அவர்களுக்கு அடையாளம். காலி டின்னைக்கூட எறிய மாட்டார்கள், தேர் வெளியே தெரியும்படி தண்ணீர் பிடித்து வைப்பார்கள். என்னையும் 'தேர் மார்க்கு' என்றேதான் கூப்பிட்டார்கள்.

கூலாய்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டும் அஞ்சலை என் நிரந்தர வாடிக்கை. நான் நெய்யின் மணத்தையும் குணத்தையும் வர்ணிக்கத் தொடங்கினால் அவளுக்குப் பொறுக்காது. "தேர் மார்க்கு, நெய் நல்லாத்தான் இருக்கு. நீங்க பேசுறதுதான் கொஞ்சம் திகட்டுது."

மாட்டுக் கொழுப்பு

அந்தத் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் தீமிதிக்குக் காப்புக் கட்டியிருந்த நேரம் பார்த்து வதந்தி கிளம்பியது. தேர் மார்க்கு நெய்யில் மாட்டுக் கொழுப்புக் கலந்திருக்கிறதாம். யார் கிளப்பிவிட்டது என்று தெரியவில்லை. அஞ்சலையின் புருஷன் காப்புக் கட்டியவர்களில் ஒருவர். மகன் மலேரியாக் காய்ச்சலில் பிழைத்ததற்கு வேண்டுதல். அவர் விரதச் சோற்றில் அஞ்சலைதான் தினமும் எங்கள் நெய்யை ஊற்றியிருக்கிறாள்.

விரதம் கெட்டவனை நெருப்பு சும்மா விடாது என்பது அங்கே எல்லோருக்கும் உறுதி. கால் வெந்தால் மரம் வெட்டப் போக முடியாது. அதைவிட, அம்மன் ஒதுக்கிவிட்டாள் என்ற பேச்சு குடும்பத்தை விட்டுப் போகாது. இது தெரியாமல் நான் வழக்கம்போலப் பாட்டுப் போட்டேன். ஒரு குழந்தைகூட வரவில்லை. கோயில் காரியம் பார்க்கும் வீரப்பக் கங்காணி மட்டும் வந்து, சுழன்றுகொண்டிருந்த தட்டின்மேல் கையை வைத்து நிறுத்தினார். "பாட்டெல்லாம் அப்புறம். டின்னுக்குள்ள என்ன இருக்குன்னு மொதல்ல சொல்லு."

நோட்டீஸ்

முதலாளியிடம் ஓடினேன். நெற்றி நிறைய விபூதியோடு உட்கார்ந்திருந்தவர் அசரவில்லை. 'எங்கள் நெய்யில் மாட்டுக் கொழுப்பு இல்லவே இல்லை' என்று கொட்டை எழுத்தில் நோட்டீஸ் அடித்து என் கையில் திணித்தார். போகிற வழியெல்லாம் கொடுத்துக்கொண்டே போனேன்.

ஆயர் ஈத்தாம் காப்பிக் கடையில் ஒருவர் அதை எல்லோருக்கும் கேட்கும்படி உரக்க வாசித்தார். வதந்தி அந்த ஊருக்கு இன்னும் வந்து சேரவில்லை என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. கொண்டுவந்து சேர்த்தவன் நானே. கடைக்காரர் அலமாரியிலிருந்து தேர் மார்க்கு டின்களை ஒவ்வொன்றாக இறக்கிக் கீழே வைத்தார். "அலமாக்! இப்படி ஒரு சங்கதி இருக்கா? நல்லவேளை, நீங்களே வந்து சொன்னீங்க லா."

தின்று காட்டியது

சொன்னால் நம்ப மாட்டார்கள், கண்ணால் பார்த்தால் நம்புவார்கள் என்று நினைத்தேன். கூலாய்த் தோட்டத்தில் எல்லோர் முன்னாலும் புது டின்னை உடைத்து, கரண்டி கரண்டியாக வெறும் நெய்யை விழுங்கினேன். கண்ணில் நீர் வந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

அஞ்சலை முன்னால் வந்தாள். தூங்காத முகம். "நீங்க சம்பளத்துக்குத் தின்னுறீங்க. எங்க வீட்டுக்காரரு சாமிக்காகத் தின்னாரு."

பிள்ளை குட்டி

கங்காணி தீர்ப்புச் சொல்லிவிட்டார். நோட்டீஸ் வேண்டாம், கரண்டி வேண்டாம். தீமிதிக்கு முன்னால் அம்மன் சந்நிதியில் சூடம் ஏற்றுவார்கள். நெய் சுத்தம் என்று சொல்லி யாராவது கையால் அணைக்க வேண்டும். பொய்யாக அணைத்தால் அவன் வம்சமே விளங்காது, அதனால் அதற்குமேல் பேச்சில்லை.

டின்னில் அடைப்பதை நான் பார்த்ததே கிடையாது. முதலாளியையே வந்து அணைக்கும்படி கேட்டேன். மடியில் கனமில்லாதவருக்கு வழியில் என்ன பயம்? கம்பெனி விஷயத்துக்குச் சாமியை இழுக்கலாமா என்றார். பிறகு நீயே அணைத்துவிடு, உன் சம்பளத்தைப் பார்த்துக் கூட்டித் தருகிறேன் என்றார். நீங்கள் ஏன் வரக் கூடாது என்று மறுபடியும் கேட்டேன். நெற்றி விபூதியைத் தடவிக்கொண்டே மெல்லச் சொன்னார்: "எனக்குப் பிள்ளை குட்டி இருக்கேப்பா."

பூக்குழி

தீமிதி அன்று மாலை பூக்குழி தகதகவென்று கிடந்தது. என் முன்னால் தட்டில் சூடம் எரிந்தது. ஓடிவிடலாம் என்றுதான் தோன்றியது, ஆனாலும் வாயைத் திறந்தேன். "நான் அணைக்க மாட்டேன். உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. முதலாளியைக் கேட்டேன், அவரும் அணைக்க மாட்டேன் என்றுவிட்டார்" என்றேன். யாரோ என் சட்டையைப் பிடித்தார்கள், பித்தான் தெறித்தது. கங்காணி குறுக்கே வந்து கையை விலக்கினார். விஷயம் தெரிந்துவிட்டது, இனி அம்மனிடம் சொல்லிப் பரிகாரம் செய்யலாம், சந்தேகத்தோடு இறங்கினால்தான் சுடும் என்றார். பூசாரி அந்த நெய்யைத் தின்ற எல்லோரையும் மஞ்சள் நீரில் முழுக வைத்து, புதிதாகக் காப்புக் கட்டினார்.

அஞ்சலையின் புருஷன் இறங்கினார். மறுபக்கம் பால்குழியில் கால் வைத்து, மகனைத் தூக்கிக்கொண்டு சிரித்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. முதலாளியை இப்படிக் காட்டிக்கொடுத்த பிறகு என் வேலையும் போன மாதிரிதான். கிராமபோன் கம்பெனிச் சொத்து, திருப்பிக் கொடுக்க வேண்டும். அதைத் தூக்கித் தோளில் வைக்கும்போது அஞ்சலை ஒரு செம்பில் மோர் கொண்டுவந்து நீட்டினாள். "உங்க பேரு என்னங்க? இத்தனை நாளா தேர் மார்க்குன்னே கூப்பிட்டுட்டோம்."

கம்பெனியின் பெயரைக் காப்பாற்றச் சம்பளம் வாங்கிய காலமெல்லாம் என் பெயரை ஒருவரும் கேட்டதில்லை, கேட்ட அன்றைக்கோ அதை வைத்து விற்பதற்கு என்னிடம் ஒரு சரக்கும் இல்லை.