இருபது அடிக்கு அப்பால் கடல்

இருங்காட்டுக்கோட்டையில் எங்கள் பக்கத்து அறையில் குடியிருக்கும் ரோஸி அக்கா, கார் கம்பெனியின் பெயின்ட் பிரிவில் ஆறு வருடமாகச் சோதனை வேலை பார்க்கிறார். அவர் முன்னால் வரும் காரில் தூசி, வழிசல், மேடு எதுவும் இருக்கக் கூடாது. இருந்தால் வட்டம் போட்டு, தேய்த்து, மெருகேற்ற அனுப்புவார். கண்ணுக்குத் தெரியாததை விரலால் தடவியே கண்டுபிடித்துவிடுவார்.

படம் வரைவது அவருக்கு உயிர். எங்கள் மாதா கோயில் ஈஸ்டர் நாடகத்தின் பின்னணிக்கு ஒரு கடல் வரைந்து தரும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். பெரிய பிளைவுட் பலகையில் நீலம் பூசி, உப்புத்தாளால் தேய்த்து, மறுபடி பூசி மூன்று நாள் உழைத்தார். நாடகத்தைக் கவனிக்கும் அமலன் அண்ணன் புதன்கிழமை வந்து பார்த்தார்.

"இன்னா ரோஸி, கடல் கேட்டா கார் டோர் குடுக்குற? என் மூஞ்சிதான் தெரியுது. சனிக்கெழம வருவேன். சரியில்லன்னா பிளெக்ஸ் அடிச்சிடுவேன்."

அக்காவின் முகம் சுருங்கிவிட்டது. அன்று மாலை, ஒரு வெளிநாட்டுக் கடற்கரை ஓவியத்தைப் போனில் எடுத்து, இரண்டு விரலால் பெரிதாக்கினார். கடலே இல்லை. ரோஸ், மஞ்சள், ஊதா என்று தடித்தடியான தீற்றல்கள்தான் இருந்தன.

"கனி, எத்தன டிபெக்ட் பாரு. எங்க லைன்ல வந்தா ஒண்ணு விடாம வட்டம் போட்டுடுவேன்."

சிறிதாக்கினார். தண்ணீர் மினுங்கியது.

"இப்ப எங்கடி போச்சு டிபெக்ட்டு?"

எத்தனை முறை பெரிதாக்கிச் சிறிதாக்கினோம் என்று தெரியாது. ஈர மணலில் விழுந்த நிழல் கறுப்பாக இல்லை, ஊதாவாக இருந்தது. நீலத்தின் பக்கத்தில் ஆரஞ்சு வைத்த இடத்தில்தான் நீலம் துள்ளியது. அலைக்குத் தூரிகை பக்கவாட்டில் போயிருந்தது. நுரைக்கு ஒற்றி ஒற்றி எடுத்திருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை புதிதாக ஆரம்பித்தார். அவருடைய கைதான் பிரச்சினை. வலது கை ஒரு தீற்றல் வைத்தால், இடது கை துணியோடு தானாகப் போய் அதைச் சமமாக்கியது. மூன்று முறை அலை முழுக்கச் சாம்பல் நிறமானது. நான் துணியையும் உப்புத்தாளையும் எடுத்துப்போய் எங்கள் அறையில் வைத்துப் பூட்டினேன்.

"ஏய், குட்றீ!"

"வரைஞ்சி முடிங்க, தரேன்."

இடது கையைத் துப்பட்டாவில் சுற்றிக்கொண்டு வரைந்தார்.

சனிக்கிழமை கோயில் வளாகத்து மேடையில் பலகையை நிறுத்தினோம். அமலன் அண்ணன் மூக்கு உரசும் அளவுக்குக் கிட்டே போனார்.

"இன்னாம்மா, இன்னும் முடியலையா? சொறி புடிச்ச மாதிரி கீது." பிளெக்ஸ் கடைக்குப் பேச போனை எடுத்துவிட்டார்.

"அண்ணே, கேட்டாண்ட போய் நின்னு பாத்துட்டு அப்பறம் பேசுங்க." அக்கா வாசல் கேட்டைக் காட்டினார்.

முணுமுணுத்துக்கொண்டே போய்த் திரும்பினார். போன் காதுக்குப் போகவில்லை. நான்கடி முன்னால் வந்தார். மறுபடி பின்னால் போனார்.

"அட, அலையுதும்மா! ஆனா மொத வரிசைல ஃபாதர் ஒக்காருவாரே, அவருக்குச் சொறிதான தெரியும்?"

"அளந்துட்டேன்ணே. இருபதடி தள்ளி ஒக்காந்தா போதும்."

அவர் மேடையைப் பார்த்தார், போனைப் பார்த்தார். பிறகு போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு முதல் வரிசை நாற்காலியைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்.

"இன்னா பாத்துகினு கீறீங்க? ஆளுக்கு ரெண்டு புடிங்க!"