எத்தனை மணிக்கு, ஏன்

என் அக்கா மின்சார அலுவலகத்தில் இருபத்தாறு வருடம் அறிவிப்பு எழுதினாள். எப்போது நிற்கும், எப்போது வரும், ஏன் நின்றது: மூன்றும் கைக்கு வராமல் ஒரு வரி தட்டமாட்டாள்.

"டிஸ்ரப்ஷன்னு போட்டு அனுப்புங்கம்மா, ஊருக்கே புரியும்" என்பார் பொறியாளர்.

"என்ன சார் புரியும்? குளிக்க மோட்டார் போடலாமா வேணாமான்னு புரியுமா?"

லத்தீனில் அந்தச் சொல்லின் வேருக்குப் பிய்த்து உடைப்பது என்று பொருள், அவள்தான் சொன்னாள். "உடைஞ்சதுன்னா எது, யாரு உடைச்சாங்கன்னு கேப்போமில்ல? கேக்கக் கூடாதுன்னே இந்த வார்த்தையப் போடுறாங்கடா." நான் பள்ளியில் படித்தபோது 'வகுப்பில் டிஸ்ரப்ஷன்' என்று வந்த குறிப்பை, 'என்ன செய்தான் என்று எழுதவும்' என எழுதித் திருப்பி அனுப்பியவள் அவள்.

பிறகு புதிய நிர்வாகி வந்தார். "டிஸ்ரப்ஷன் நல்லது. பழசை உடைச்சாத்தான் புதுசு வரும்" என்று கூட்டத்தில் முழங்கினார். முதலில் உடைத்தது அக்காவின் வேலையை. இனிக் கணினியே செய்தி அனுப்புமாம்.

"அதுக்கும் கரண்ட் வேணுமே சார்" என்றுவிட்டு டிபன் டப்பாவோடு வந்துவிட்டாள்.

நுரையீரல் கெட்டு, கடைசி வருடம் வீட்டில் ஆக்சிஜன் இயந்திரத்தை நம்பி இருந்தாள். போன மாதம் ஒரு செவ்வாய், காலை பத்தரைக்கு மின்சாரம் நின்றது. கைபேசியில் செய்தி: 'உங்கள் பகுதியில் டிஸ்ரப்ஷன். பொறுமைக்கு நன்றி.' கூட இருந்த சிலிண்டர் இரண்டு மணி நேரம்தான் தாங்கும்.

"எத்தனை மணிக்கு வரும்னு போட்டிருக்கா?" முகமூடிக்குள்ளிருந்து கேட்டாள்.

"இல்லக்கா. இப்ப வந்துரும்."

"நேரம் போடலேன்னா வராதுடா. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு."

அவள் பேச்சை நான் கேட்கவில்லை. அலுவலகத்துக்குத் திரும்பத் திரும்பப் போன் போட்டேன். பதிவுசெய்த குரல் அதே சொல்லை ஒப்பித்தது. பன்னிரண்டு மணிக்குத்தான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். அது வந்து சேருமுன் சிலிண்டர் தீர்ந்தது.

புகார் கொடுத்தேன். 'டிஸ்ரப்ஷனுக்கு வருந்துகிறோம்' என்று பதில் வந்தது. அன்று கம்பத்தில் வேலை பார்த்தவர்களை விசாரித்து, அந்தத் தாளின் பின்பக்கத்தில் எழுதி அலுவலகப் பலகையில் ஒட்டினேன்:

'செவ்வாய் காலை 10.30 முதல் மாலை 5.15 வரை மின்சாரம் இல்லை. காரணம்: நான்கு நாள் முன்பே முடிவான கம்பி மாற்றும் வேலை. நேரம் தெரிந்தும் சொல்லவில்லை. இங்கே அறிவிப்பு எழுதியவள் 12.50க்கு இறந்தாள்.'

காவலாளி கிழிக்க வந்தார்.

"படிச்சிட்டுக் கிழிங்கண்ணே," என்றேன். "நாளைக்கும் ஒட்டுவேன்."