பென்சிலால் எழுதிய பெயர்

இன்று காலை பள்ளிக்கூடத்தில் நான் முதலில் கவனித்தது ஒரு பென்சில்.

எங்களுக்கு முன்னால் நின்ற ஐந்து பிள்ளைகளின் பெயரையும் சயாமா (இங்கே பர்மாவில் டீச்சரை அப்படித்தான் கூப்பிடுவோம்) பேனாவால் எழுதினார்.

எங்கள் முறை வந்தபோது மட்டும் பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பென்சிலை எடுத்தார்!

என் தங்கையைப் பள்ளியில் சேர்க்கப் போயிருந்தேன். அம்மாவுக்கு லைங் தாயா பேட்டையில் தையல் ஃபேக்டரி வேலை, லீவு கேட்க முடியாது. அதனால் நான். (பஸ்ஸில் 'இறங்கணும்' என்று சொல்லக் கூச்சப்பட்டு அடுத்த ஸ்டாப் வரை போகிற ஆள்!)

எங்கள் வீடுகளில் பிள்ளைகளுக்கு இரண்டு பெயர். வீட்டுக்குத் தமிழ்ப் பெயர், பள்ளிக்கூடத்துக்குப் பர்மியப் பெயர். ஒரு வாரமாகத் தங்கைக்குப் பாடம் எடுத்திருந்தேன்.

"பேர் என்னன்னு கேட்டா?"

"மா தீரி!"

"வீட்டுப் பேரு?"

"சொல்லவே மாட்டேன்!"

இன்று சயாமா சேர்க்கைப் பாரத்தை வாங்கிக்கொண்டு, சிரித்த முகமாகத்தான் கேட்டார். (பர்மியத்தில்தான். நான் தமிழில் எழுதுகிறேன்.)

"பேர் என்னம்மா?"

தங்கை என்னைப் பார்த்தாள். சயாமாவைப் பார்த்தாள்.

"கோமதி!"

வரிசையே கேட்கும்படி!

பின்னால் நின்ற ஒரு அம்மா சிரித்தார். "கலா பிள்ளையா? மூஞ்சியப் பாத்தப்பவே நெனச்சேன்."

(கலா என்றால் இந்திய முகம் உள்ளவர்கள். அதை யாரும் அன்பாகச் சொல்லி நான் கேட்டதில்லை.)

சயாமாவின் விரல் பாரத்தில் 'இனம்' என்ற கட்டத்துக்குப் போய் நின்றது. எங்கள் அம்மா உள்ளதை எழுதியிருந்தார்: இந்தியர், பர்மியர்.

அப்போதுதான் அந்தப் பென்சில்.

"அப்பா அம்மா குடியுரிமைக் கார்டையெல்லாம் மேல அனுப்பிச் சரிபாக்கணும். அதுவரைக்கும் இப்படி இருக்கட்டும். பயப்படாதம்மா."

அவர் திட்டியிருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

ஏனென்றால் எனக்கும் இதையே, இதே அன்பான குரலில், வேறொரு பள்ளியில் சொன்னார்கள். எட்டாம் வகுப்புப் பரீட்சைப் பட்டியலைச் சுவரில் ஒட்டியபோது என் பெயர் அதில் இல்லை. கார்டு சரிபார்த்து வரவில்லையாம், அடுத்த வருஷம் வரச் சொன்னார்கள்.

பதிவேட்டைக் காட்டினார்கள். என் பெயர் இருந்த இடத்தில் ரப்பர் தேய்த்த சாம்பல் கறை. காகிதம்கூடக் கிழியவில்லை, அவ்வளவு சுத்தமாக அழித்திருந்தார்கள்.

ஏன் என்று கேட்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன். அதன்பிறகு போகவே இல்லை.

தங்கை என் கையைச் சுரண்டினாள். "அக்கா, தப்பாச் சொல்லிட்டேனா?"

"இல்லடி. அதுவும் ஒம் பேருதான்."

"அப்ப ஏன் எனக்கு மட்டும் பென்சில்?"



சயாமா பதிவேட்டின் அடுத்த வரியில் விரலை வைத்தார். பென்சில் போய், பேனா மறுபடியும் கைக்கு வந்திருந்தது. "அடுத்து யாரு? வாங்க."

பின்னால் நின்ற அம்மா என் தோளை இடித்துக்கொண்டு முன்னால் வந்தார்.

 

என் பையிலிருந்த நீலப் பேனாவை எடுத்தேன். மூடியைக் கழற்றினேன். பதிவேட்டில் தங்கையின் பெயருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, அங்கேயே நின்றேன்.