அண்ணனுக்குப் பதில் நான் படுத்த கட்டில்

ஆரோக்கியமேரி அம்மா காலமாகிவிட்டார் என்ற செய்தியைச் சேலத்திலிருந்து நூல் ஏற்றி வந்த வண்டிக்காரர்தான் எடப்பாடிக்குக் கொண்டுவந்தார். மறுநாள் காலை அடக்கம் என்றார். அண்ணன் தறியில் இருந்தார். கேட்டதும் தறியை நிறுத்திவிட்டார்.

அந்த அம்மாவை அறிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சேலத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில், நெஞ்சுத் துடிப்பைக் காகிதத்தில் கோடாக எழுதும் இ.சி.ஜி. மெஷின் அவர் பொறுப்பில் இருந்தது. கத்தி வைக்குமுன் இதயம் தாங்குமா என்று பார்க்க, எல்லாரும் அவர் கட்டிலில்தான் படுத்தெழ வேண்டும். தகடு சில்லென்று இருக்குமே என்று அதை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து, சூடேறிய பிறகுதான் நம் மேல் வைப்பார்.

ஆறேழு வருஷத்துக்கு முன் அண்ணனுக்கு வலப்பக்கம் குடல் இறங்கியது. பக்கத்துத் தெருவில் ஒருவர் அதே வியாதியில் குடல் முறுக்கி இரண்டே நாளில் போய்ச் சேர்ந்திருந்தார். ஆபரேஷன் டாக்டரோ, இருதயம் சரியாக இருப்பதாகச் சீட்டு வந்தால்தான் தொடுவேன் என்று சொல்லிவிட்டார். அண்ணனுக்கு நாலு எட்டு நடந்தாலே மூச்சு வாங்கும். சீட்டு கிடைக்காது என்றே நினைத்தோம். சீட்டு இல்லையென்றால் ஆபரேஷன் இல்லை, குடல் எந்த நேரம் முறுக்குமோ தெரியாது. வீட்டில் ஒருவருக்கும் சோறு இறங்கவில்லை.

அப்போதுதான் எங்களுக்கு அந்தக் கோணல் புத்தி வந்தது. நெசவாளர் சங்கத்தில் அண்ணன் பேர் போட்ட சீட்டுக்கு நூல் வாங்க நான் போவேன், என் சீட்டுக்கு அவர் போவார். யாரும் ஏன் என்று கேட்டதில்லை. இதுவும் ஒரு சீட்டுதானே?

"நீ போய்ப் படுத்துட்டு வந்துரு சாமி. உனக்கு நெஞ்சு கல்லாட்டம் இருக்குது" என்றார் அண்ணன்.

எங்களுக்குள் நாலு வயதுதான் வித்தியாசம், சாயலும் ஒன்று. அண்ணன் பேரைச் சொல்லிப் படுத்தேன். கல்லாட்டம் இருந்த நெஞ்சு அன்று தறிகெட்டு ஓடியது. காகிதம் வந்து முடிந்ததும், டாக்டர் எழுதிய சீட்டைப் பார்த்துக்கொண்டே அந்த அம்மா கேட்டார்: "எந்தப் பக்கமுங்க குடல் இறங்கியிருக்குது?"

பதற்றத்தில் நான் இடப்பக்கம் கை வைத்தேன்.

"இதுல வலப்பக்கம்னு எழுதியிருக்குதே. நீங்க யாருங்க?"

"தம்பிங்க" என்றேன். சங்கத்து நூல் கதையையும் சேர்த்து உளறிவிட்டேன். அவர் குரலை உயர்த்தவில்லை.

"நூலுக்கு ஆள் மாறிப் போலாமுங்க. மயக்க மருந்து உங்களுக்கா குடுக்கப் போறாங்க? நெஞ்சு பலவீனம்னு தெரிஞ்சா டாக்டருங்க அதுக்கு ஒரு வழி பாப்பாங்க. தெரியாமப் போனாத்தான் வழியில்லை. நாளைக்கு அண்ணனைக் கூட்டிட்டு வாங்க."

வெட்கத்தில் எனக்குத் தலை நிமிரவில்லை.

மறுநாள் அண்ணன் படுத்தார். பயத்தில் அவர் கால்கள் தறி மிதிப்பதுபோல் மாறி மாறி அசைந்தன, கோடு கோணல்மாணலாக வந்தது. அந்த அம்மா கட்டிலின் கால்மாட்டுக்குப் போய் இரண்டு பாதங்களையும் தன் கையால் பிடித்துக்கொண்டார். "ஐயோ, காலைத் தொடாதீங்க அம்மா" என்று அண்ணன் கூசிப்போனார். "ஒரு சேலைக்கு எத்தனை நாளாகுமுங்க? அதைச் சொல்லுங்க" என்றார் அவர். அண்ணன் பாவு நூல் நீட்டிக் கட்டுவதிலிருந்து தொடங்கி விவரமாகச் சொல்லச் சொல்லக் கால்கள் அடங்கின.

நாங்கள் பயந்ததேதான் காகிதத்தில் வந்தது. ஆனால் டாக்டர் கைவிடவில்லை. ஒரு மாதம் மாத்திரை, உப்பில்லாக் கஞ்சி. அந்த மாதம் நாங்கள் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. அண்ணன் இருமினாலே, குடல் முறுக்கிவிட்டதோ என்று ஓடுவேன். மாதம் முடிந்து மறுபடி கோடு எடுத்தார்கள். டாக்டர் தலையசைத்தார். முதுகில் ஊசி போட்டு, இடுப்புக்குக் கீழே மட்டும் மரக்கவைத்து ஆபரேஷன் நடந்தது. "மூக்குல மயக்க மருந்து வச்சிருந்தா எந்திரிச்சிருக்க மாட்டார்" என்று டாக்டர் சொன்னபோது, நான் வெளியே வந்து குழாயடியில் உட்கார்ந்து அழுதேன். என் கையால் அண்ணனைக் கொன்றிருப்பேன்.

ஊருக்குக் கிளம்பும்போது அந்த அம்மா என்னுடைய காகிதத்தை மடித்துக் கொடுத்தார். அதிலிருந்த அண்ணன் பேரை அடித்துவிட்டு, "தம்பி. பயந்த நெஞ்சு" என்று எழுதியிருந்தார். கோடு மங்கிவிட்டது, எழுத்து மங்கவில்லை. அவர் நினைவாக என்னிடம் இருப்பது அதுதான்.

செய்தி வந்த அன்று, பஸ்ஸில் அவ்வளவு தூரம் அண்ணனுக்கு ஆகாதே என்று, "நீங்க இருங்க, உங்களுக்கும் சேர்த்து நானே போய்ட்டு வாரேன்" என்றேன்.

அண்ணன் எழுந்து சட்டையை எடுத்தார். "இதுக்கு ஆள் மாறிப் போவக் கூடாதுடா. நானே வாரேன்."