நோன்பு திறக்கும் நேரத்துப் பெனல்டி

எங்கள் தோட்டத்தில் மரம் செடி எதுவும் இல்லை. கொட்டாஞ்சேனையில் ஒரு பொதுக் குழாயைச் சுற்றி நெருக்கியடித்து நிற்கும் வீடுகளைத்தான் தோட்டம் என்கிறோம். எங்கள் வீட்டுக்கு எதிர்வீடு பழனியண்ணனுடையது. நிலையில் தலை இடிக்காமல் அவரால் உள்ளே போக முடியாது. அவ்வளவு உயரம். குழாயடியில் யாருடைய வாளியாவது சரிந்தால், அது நிலத்தில் விழுமுன் அவருடைய கை அங்கே இருக்கும். பிடித்துக் கொடுத்துவிட்டுத் தன்பாட்டில் போய்விடுவார்.

புறக்கோட்டையில் வெங்காய மூட்டை தூக்கும் நாட்டாமை வேலை அவருக்கு. பின்னேரங்களில், பதினைந்து வருடமாக, நீலத்தாரகை விளையாட்டுக் கழகத்தின் கோல்காப்பாளர். கழகம் என்றால் கட்டிடமும் பெயர்ப்பலகையும் இருக்குமென்று நினைக்க வேண்டாம். ஒரு பை நிறையப் பந்துகள், நீல நிறச் சட்டைகள், துறைமுகத்துப் பக்கம் ஒரு மைதானம், அவ்வளவுதான். கோலில் கட்டியிருந்தது முகத்துவாரத்திலிருந்து கொண்டுவந்த பழைய மீன்வலை. பந்து சில நேரம் ஓட்டை வழியே வெளியேறிவிடும். பிறகு அது கோலா இல்லையா என்று சண்டை.

நாட்டின் கால்பந்தாட்டத்தில் அடித்தட்டுப் பிரிவு எங்களுடையது. குழுவில் முதலாவதாக வரும் கழகம் மட்டும் அடுத்த வருடம் மேற்பிரிவுக்குப் போகும். இரண்டாவதாக வந்தாலும் கடைசியாக வந்தாலும் அதே இடம்தான். நீலத்தாரகை பலமுறை இரண்டாவதாக வந்திருக்கிறது. மேற்பிரிவு கோலுக்குள் ஒரு தடவையாவது நின்று பார்க்க வேண்டும் என்பது பழனியண்ணனின் ஆசை. ஏன் என்று அவருடைய மனைவி றேணுகாக்கா கேட்டபோது, அங்கே வலையில் ஓட்டை இருக்காதாம் என்றார். அவர் இப்படித்தான் பகிடி விடுவார், முகத்தில் சிரிப்பே இருக்காது.

இந்த முறை கடைசி ஆட்டத்துக்கு வரும்போது நாங்கள் முன்னால் நின்றோம். மாளிகாவத்தைக் கழகத்தோடு ஆட்டம். சமநிலையில் முடிந்தாலே போதும், நாங்கள் மேலே போய்விடுவோம். தோற்றால் அவர்கள் போவார்கள்.

ஆனால் அதற்கு முதல் வாரம் கழகக் கூட்டத்தில் ஒரு முடிவு எடுத்திருந்தார்கள். மேற்பிரிவுக்குப் போனால் வத்தளையிலிருந்து ஓர் இளம் கோல்காப்பாளரைக் கொண்டுவருவது என்று. பழனியண்ணனுக்கு வயது முப்பத்தாறு. முழங்காலில் எப்போதும் பட்டி கட்டியிருப்பார். அணித்தலைவர் ராகுலன் நேரில் வந்து, தயங்கித் தயங்கித்தான் அதைச் சொன்னார். பழனியண்ணன் கேட்டுவிட்டு, "நல்லது தம்பி, முதல்ல போவோம்" என்று மட்டும் சொன்னார். தோட்டம் முழுவதும் அது தெரிந்த விஷயம். மேலே போனால் அவர் வெளியே.

அது நோன்பு மாதம். முந்திய ஆட்டம் மழையால் இழுபட்டு, எங்கள் ஆட்டம் பிந்தித்தான் தொடங்கியது. றேணுகாக்காவும் நானும் கோலுக்குப் பின்னால், மதிலோடு ஒட்டி நின்றோம். அங்கே நின்றால் யாரும் நம்மைப் பார்ப்பதில்லை, நாம் எல்லாவற்றையும் பார்க்கலாம். இரண்டாம் பாதியில் நாங்கள் நின்றது எங்கள் கோல் பக்கம்.

ஒரு பக்கமும் கோல் விழவில்லை. வெளிச்சம் மங்கி, முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான் என்றிருந்தபோது எங்கள் பின்வரிசைப் பையன் ஒருவன் எங்கள் பெட்டிக்குள் காலைப் போட்டு அவர்களில் ஒருவரை விழுத்திவிட்டான். நடுவர் பெனல்டி கொடுத்தார். பந்தை வைக்க வந்தவர் நப்ரீஸ். அவரும் புறக்கோட்டையில்தான் வேலை, முச்சக்கர வண்டி ஓட்டுகிறார். சின்ன வயதில் பழனியண்ணனும் அவரும் ஒரே ஒழுங்கையில், ஒரு சின்னச் சந்துக்குள், பந்தடித்தவர்கள்.

பந்தை வைத்து அவர் நிமிர்ந்தபோது பள்ளிவாசலில் நோன்பு திறக்கும் பாங்கு ஒலித்தது.

நடுவர் கையைக் காட்டி, அடித்து முடித்துவிட்டு நோன்பு திறக்கலாம் என்றார். நப்ரீஸும் தலையாட்டிவிட்டுப் பின்னால் நடந்தார். அவருடைய உதடு வெடித்திருந்தது. அப்போது பழனியண்ணன் கோல் கோட்டை விட்டு வெளியே வந்து, நடுவரிடம் சிங்களத்தில் சொன்னார், இவர் விடியமுதல் தண்ணீர் குடிக்காத ஆள், முதலில் குடிக்கட்டும் என்று. ராகுலன் ஓடி வந்தார்.

"அண்ணே, உங்களுக்கென்ன விசரா? அவன் காஞ்சு போய் நிக்கிறான். அப்படியே அடிக்கட்டும்."

"அப்பிடிப் புடிச்சா அது புடிச்சதாகாது தம்பி."

கம்பத்தடியில் இருந்த தன்னுடைய தண்ணீர்ப் போத்தலை எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தார். நப்ரீஸ் காலுறைக்குள்ளிருந்து பொலித்தீனில் சுற்றிய பேரீச்சம்பழம் ஒன்றை எடுத்து, இரண்டாகப் பிய்த்து, பாதியைப் பழனியண்ணனின் வாயில் வைத்தார். கையுறை போட்ட கையால் வாங்க முடியாதல்லவா. நடுவரும் விசிலைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். மற்ற நோன்பாளிகளும் ஓடிப்போய்க் குடித்துவிட்டு வந்தார்கள்.

பிறகு நப்ரீஸ் அடித்தார். பழனியண்ணன் சரியான பக்கம்தான் பாய்ந்தார். பந்து அவருடைய விரல் நுனியில் பட்டு, கம்பத்தின் உள்பக்கத்தில் மோதி, கோட்டைத் தாண்டிப் போனது. நாங்கள் நின்ற இடத்துக்கு விரலில் பட்ட சத்தம் கேட்டது. அவர் எழும்பியபோது அந்த விரல் ஒரு பக்கமாக வளைந்திருந்தது. தானே அதை இழுத்து நேராக்கிக்கொண்டு, பந்தை எடுத்து நடுவுக்கு எறிந்தார். மீதி நேரத்தில் எங்களால் கோல் போட முடியவில்லை. மாளிகாவத்தை மேலே போனது.

மைதானத்தின் மறுபக்கம் நின்றவர்களுக்கு விரலும் தெரியாது, சத்தமும் கேட்டிருக்காது. அவர்கள் கண்டது பழத்தை மட்டும்தான்.

அடுத்த நாளே குழாயடியில் கதை தொடங்கியது. சங்கிலியண்ணன்தான் தொடக்கிவைத்தார். அவர் கழகத்தில் விளையாடுவதில்லை. ஆனால் ஓர் ஆட்டம் விடாமல் வந்து கத்தி, தொண்டை கட்டித் திரிபவர். மேலே போனால் தன்னை வெட்டிவிடுவார்களென்று பழனிக்குத் தெரியும், அதனால்தான் விட்டுக்கொடுத்தான் என்றார். "பாதிப் பழத்துக்குப் பதினைஞ்சு வருசத்த வித்துட்டான்" என்று அவர் சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள். றேணுகாக்கா அங்கேதான் நின்றார். வாளி நிறையும்வரை நின்று, எடுத்துக்கொண்டு போனார். பார்த்ததை நான் ஒருவர் இருவரிடம் சொன்னேன். நான் மெல்லக் கதைப்பவள், சங்கிலியண்ணன் உரத்துக் கதைப்பவர்.

பழனியண்ணன் மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. வீங்கிய விரலைப் பக்கத்து விரலோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு மூட்டை தூக்கப் போனார். சரியும் வாளிகளை முன்போலவே பிடித்துக் கொடுத்தார், சங்கிலியண்ணனுடையதையும்.

பெருநாள் கழிந்து சில நாளில் நப்ரீஸ் ஒரு கிண்ணம் வட்டிலப்ப இனிப்போடு வந்தார். வாசலில் வைத்தே விஷயத்தைச் சொன்னார். அவர்களுடைய கோல்காப்பாளர் கட்டாருக்கு வேலைக்குப் போய்விட்டாராம். பழைய பதிவுகள் வருடத்தோடு முடிந்துவிட்டன, யாரும் எந்தக் கழகத்துக்கும் போகலாம்.

"நீங்க வாங்க. எங்கட ஆக்கள் எல்லாம் ஒங்களத்தான் கேக்குறாங்க. நான் எப்பவும் வலப்பக்கம் அடிக்கிறவன், அண்டக்கி மாத்தி அடிச்சன். அதையும் தொட்டீங்களே."

பழனியண்ணன் கிண்ணத்தை வாங்கி உள்ளே வைத்துவிட்டு வந்தார். ஆசைப்பட்டது தானாக வாசலில் வந்து நிற்கிறது, கையை நீட்டினால் சங்கிலியண்ணன் சொன்னதெல்லாம் உண்மையாகிவிடும். கடைசியில், முழங்கால் சரியில்லை, வேறு ஆளைப் பாருங்கள் என்றார். நப்ரீஸ் வெறும் கையோடு திரும்பினார்.

அன்று மாலை எதிர்வீட்டில் றேணுகாக்காவின் குரல் கேட்டது. அந்த வீட்டில் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை.

"முழங்கால் நேத்தா நொந்திச்சி? சும்மா சங்கிலிக்குப் பயந்துகிட்டு."

பழனியண்ணன் என்னவோ முணுமுணுத்தார். போனால் காட்டிக்கொடுத்த கூலி என்பார்கள் என்றார் போலிருக்கிறது.

"போனாலும் கதைப்பாங்க, போகாட்டியும் கதைப்பாங்க. ஒங்களுக்கு விளையாட இன்னும் ஒரு வருசமோ ரெண்டு வருசமோ. சங்கிலிக்குக் கதைக்கச் சாகுமட்டும் இருக்கு. போங்க, போய் நில்லுங்க."

அடுத்த மாதம் எங்கள் தோட்டத்தின் பொதுக் கொடியில் மாளிகாவத்தைக் கழகத்தின் பச்சைச் சட்டை ஒன்று காய்ந்தது. முதுகில் ஒன்றாம் இலக்கம். றேணுகாக்கா அதை வீட்டுக்குள் உலர்த்தியிருக்கலாம். இலக்கம் ஒழுங்கையைப் பார்க்கும்படி உதறிப் போட்டு, இரண்டு கிளிப் குத்திவிட்டு, வெள்ளவத்தைத் துணிக்கடைக்கு வேலைக்குப் போய்விட்டார். தண்ணீர் எடுக்க வந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். அதன் கீழே குனிந்துதான் குழாய்க்குப் போக வேண்டியிருந்தது.

மத்தியானம் கடல் பக்கமிருந்து மழை இரைந்துகொண்டு வந்தது. எதிர்வீட்டில் யாரும் இல்லை. நான் எழும்பி வாசலுக்கு வந்தபோது, சங்கிலியண்ணன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கொடியடியில் நின்றார். சட்டையை எடுத்தார். கொஞ்ச நேரம் கையில் வைத்து இலக்கத்தைப் பார்த்தார். பிறகு மடித்து, பழனியண்ணன் வீட்டுச் சன்னல் கம்பிக்குள் நனையாமல் செருகினார். திரும்பியபோது என்னைக் கண்டுவிட்டார்.

"என்ன பாக்கிற? நனைஞ்சா நாளைக்கு மெட்ச்சுக்கு மனுசன் எதப் போடுறது?"

அவர் மழைக்குள் இரண்டடி போய் நின்றார்.

"எத்தின மணிக்காம்?"

நாலு மணிக்கு என்றேன்.