கீழாநெல்லியும் நான் பார்க்காத வரியும்

அக்காவின் கண்கள் மஞ்சளித்திருப்பதை முதலில் கவனித்தது நானல்ல. அவளிடம் பாட்டு கற்றுக்கொள்ள வரும் ஒரு பெண்மணி. ஐப்பசி மழை சற்று ஓய்ந்திருந்த ஒரு காலையில், வகுப்பு முடிந்து கிளம்பும்போது அவர் என்னை வாசலுக்கு அழைத்து, "டீச்சர் கண்ணைப் பார்த்தேளா மாமி? டியூப் லைட் வெளிச்சம்னு நினைச்சேன், இல்லை" என்று தாழ்ந்த குரலில் சொன்னார். உள்ளே வந்து அக்காவை ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தேன். வெண்விழி முழுவதும் பழுத்த எலுமிச்சையின் நிறம்.

அடையாறில் ஒரு பழைய அடுக்ககத்தின் இரண்டாவது மாடியில் நாங்கள் இருவரும் வசிக்கிறோம். அக்கா பள்ளியில் இசை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். நான் கல்லூரியில் வேதியியல் கற்பித்தவள். அவள் கணவர் மறைந்த பிறகு, திருமணம் செய்துகொள்ளாத என்னோடு வந்து சேர்ந்தாள். அப்பாவும் அம்மாவும் ஆஸ்பத்திரிக்குப் போய்த்தான் இறந்தார்கள் என்பதால், அங்கே போகும் வழி தெரியாமல் இருப்பதே தன் ஆரோக்கியத்தின் ரகசியம் என்று எல்லோரிடமும் சொல்லுவாள்.

தெருமுனைப் பரிசோதனைக்கூடத்தில் ரத்தம் கொடுத்தோம். மாலையில் அறிக்கை என் கைபேசிக்கு வந்தது. பிலிருபின் அளவு கூடியிருந்தது, மஞ்சள்காமாலைதான். எங்களை வெகுநாளாகப் பார்க்கும் டாக்டர் ஊரில் இல்லை. அவருக்குப் பதிலாக உட்கார்ந்திருந்த இளம் டாக்டர் அறிக்கையைப் புரட்டிவிட்டு, "வைரஸா இருக்கலாம். எதுக்கும் வயித்தை ஒரு ஸ்கேன் எடுத்துடுங்க" என்று எழுதிக் கொடுத்தார். ஆட்டோவில் ஏறியதும் அக்கா அந்தச் சீட்டை நான்காக மடித்துத் தன் கைப்பைக்குள் போட்டாள்.

"ஏண்டி, முப்பது வருஷமா அந்தச் செடியைப் போட்டுக் கொதிக்க வெச்சியே. எலிக்கெல்லாம் கொடுத்திருக்கே. கூடப் பொறந்தவளுக்கு ஒரு டம்ளர் கிடையாதா?"

அந்தச் செடி கீழாநெல்லி. மழைக்குப் பின் சுவரோரத்திலும் காலி மனைகளிலும் தானாக முளைப்பது. முழங்கால் உயரம்கூட வளராது. இலைகள் வரிசையாக அமைந்த சிறு கிளைகளின் அடிப்பக்கத்தில் மிளகைவிடச் சிறிய காய்கள் தொங்கும். காமாலை என்றதும் இந்த ஊரில் யாரும் முதலில் சொல்லும் பெயர் அதுதான். என் ஆராய்ச்சி வாழ்வின் பெரும்பகுதி அதன் இலைக்குள் கழிந்தது. லிக்னான் என்ற வகைச் சேர்மங்கள் அதில் உண்டு. ஃபில்லாந்தின், ஹைப்போஃபில்லாந்தின் என்ற இரண்டும் அவற்றில் முக்கியமானவை. ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்றாலும் முன்னது கசக்கும், பின்னது கசக்காது. அவை வேரைவிட, தண்டைவிட, இலையில்தான் அதிகம் என்பதை வருடக்கணக்கில் அளந்து பார்த்தவள் நான். ரசாயனத்தால் ஈரல் கெட்ட எலிகளுக்கு இலைச்சாற்றைக் கொடுத்தபோது கேடு குறைந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். மனிதர்களிடம் செய்த சோதனைகளோ ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. எலியின் ஈரல் சொன்னதை மனித ஈரலின் வாக்குறுதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று ஒவ்வொரு வருடமும் வகுப்பில் சொல்லியிருக்கிறேன்.

அத்தனையும் தெரிந்த நான், ஆட்டோ மத்திய கைலாஷ் திருப்பத்தைத் தாண்டுவதற்குள், "சரி. ஒரு வாரம் குடி. இறங்கலேன்னா ஸ்கேன்" என்றேன். அவள் பிடிவாதத்துக்கு இணங்கியதாக அப்போது எண்ணிக்கொண்டேன். உண்மையில் என் செடியை அவள் நம்பியது எனக்கு இனித்தது.

மறுநாள் மயிலாப்பூர் மாட வீதிக்குப் போனேன். கீரையோடு மூலிகைக் கட்டுகளும் வைத்து விற்கும் பெண்ணிடம் ஒரு கட்டு வாங்கி, அங்கேயே நின்று பையிலிருந்து லென்ஸை எடுத்தேன்.

"இன்னா மாமி, பூதக்கண்ணாடி வச்சிப் பாக்கற? தங்கமா வாங்கற?"

"இதுல ரெண்டு விதம் இருக்கேம்மா. இது கீழாநெல்லி. இது வேற."

"ரெண்டும் ஒண்ணுதான் மாமி. அது அக்கா, இது தங்கச்சி. எதைக் குட்ச்சாலும் காமாலை ஓடிப்பூடும்."

பக்கத்தில் பூக்கட்டிக்கொண்டிருந்தவர் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் அந்தத் தங்கை செடிகளைப் பற்றி எனக்கு நன்றாகத் தெரியும். பார்க்க ஒன்றுபோல் இருக்கும் நாலைந்து இனங்கள் எல்லாக் கட்டிலும் கலந்திருக்கும். சிலவற்றில் ஃபில்லாந்தின் அநேகமாக இருக்கவே இருக்காது. விதையின் மேலுள்ள நுண்ணிய கோடுகள் நீளவாக்கில் ஓடுகின்றனவா, குறுக்கே ஓடுகின்றனவா என்று பார்த்துத்தான் பிரிக்க முடியும்.

அந்தக் கட்டு எனக்குத் திருப்தி தரவில்லை. பாலவாக்கத்தில் என் தோழியின் வீட்டுக்கு அடுத்த காலி மனையில் மழைக்குப் பின் கீழாநெல்லி மண்டிக் கிடந்தது. சேற்றில் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கி, காய் பிடித்த செடிகளாகப் பார்த்துப் பறித்தேன். அதோடும் நிற்கவில்லை. நான் வேலை பார்த்த கல்லூரியில் என் பழைய சகா ஒருவர் இன்னும் இருக்கிறார். அவரைக் கேட்டு ஆய்வகத்தில் ஒரு மேசையை வாங்கிக்கொண்டேன். இரண்டு கட்டுகளின் சாற்றையும் சிலிக்கா பூசிய தகட்டின் அடியில் பொட்டுகளாக வைத்து, கரைப்பானில் நிறுத்தி, மேலே ஏறவிட்டு, சாயம் தெளித்துச் சூடாக்கினேன். பாலவாக்கத்துச் செடியிலிருந்து ஃபில்லாந்தினின் புள்ளி எழுந்து நின்றது. மாட வீதிக் கட்டில் அந்த இடம் ஏறக்குறைய வெறுமை.

"கையெல்லாம் இன்னும் அப்படியே இருக்கு மேடம்" என்றார் சகா. அன்று வீடு திரும்பும்போது நான் அடைந்த மகிழ்ச்சியை நினைத்தால் இப்போது கூசுகிறது.

தயாரிப்பிலும் என் கணக்கைக் காட்டினேன். லிக்னான்கள் தண்ணீரில் கரைவது சொற்பம், கொழுப்பில் கரையும். ஆகவே வெண்ணெய் எடுக்காத மோரில் இலையை அரைத்துக் கலக்கி, வெறும் வயிற்றில் கொடுத்தேன். அக்கா மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மூச்சில் குடிப்பாள். குடித்துவிட்டு முகத்தைச் சுளித்து, "இதைக் குடிச்ச எலி பொழைச்சுதா, இல்லே கோவிச்சுண்டு போயிடுத்தா?" என்பாள். அரை மணி நேரம் கழித்து வலது விலாவுக்குக் கீழே வலிக்கிறது என்று கையை வைத்துக்கொள்வாள். கசப்பு வயிற்றைப் புரட்டுகிறது என்று நான் விளக்கம் சொன்னேன்.

உப்பில்லாத கஞ்சி, எண்ணெய் இல்லாத சுண்டைக்காய், இளநீர் என்று பத்தியமும் நடந்தது. பாட்டு வகுப்பு நின்றது. மூன்றாம் நாள் கண்ணின் மஞ்சள் கொஞ்சம் வெளுத்ததாக எனக்குத் தோன்றியது, அக்காவும் ஆமோதித்தாள். வானம் மூட்டமாக இருந்ததால் அப்படித் தெரிந்திருக்கலாம் என்று இருவரும் சொல்லிக்கொள்ளவில்லை.

ஆறாம் நாள் காலை. எங்கள் வீட்டில் வேலை செய்பவர் ஊரூர் குப்பத்திலிருந்து வருகிறார். விடியலில் கரையில் மீன் ஏலம் எடுத்துத் தன் நாத்தனாரிடம் விற்கக் கொடுத்துவிட்டு, குளித்துப் பூ வைத்துக்கொண்டு எட்டு மணிக்கு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். அன்று அக்காவின் படுக்கை விரிப்பைத் துவைக்க எடுத்தவர், அதை அப்படியே கையில் ஏந்தியபடி சமையலறைக்கு வந்தார். விரிப்பில் கடுகு தெளித்தாற்போல் ரத்தப் புள்ளிகள்.

"இன்னாம்மா இது? பெரிம்மா ஒடம்பெல்லாம் சொறிஞ்சிக்கினே கீறாங்களா?"

"ஆமாம், ரெண்டு மூணு நாளா அரிப்புன்னு சொல்றா. காமாலைல அப்படித்தான் இருக்கும்."

அவர் குரலைத் தாழ்த்தினார். "தப்பா நெனச்சுக்காதம்மா. வெளிக்கி வெள்ளையா போதான்னு கேட்டியா? களிமண்ணு மாதிரி?"

கேட்டிருக்கவில்லை. இத்தனை வருடம் ஒன்றாக வாழ்ந்தும் அதை அக்காவிடம் கேட்க எனக்குக் கூச்சம். அவருக்கு அதெல்லாம் இல்லை. ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு நேரே அக்காவின் அறைக்குள் போய்க் கேட்டுவிட்டு வந்தார்.

"ஆமாவாம். எங்க வூட்டுக்காரருக்கு இப்டித்தாம்மா ஆச்சு. கீயாநெல்லி குடுத்தோம், கோயில்ல மந்திரிச்சோம், ஒண்ணும் நடக்கல. பெரியாஸ்பத்திரில பாத்தா, பித்தம் வர்ற கொயாயில கல்லு அடச்சிக்கினு கீது. அது காமாலையே வேறம்மா. கல்லுக்கு எலை இன்னா செய்யும்?"

நான் கைபேசியைத் தேடி எடுத்து அறிக்கையைத் திறந்தேன். அது வந்த மாலையில் பிலிருபின் என்ற ஒரே வரியை மட்டும் பார்த்திருந்தேன். அதற்குக் கீழே நான்கு வரிகள் தள்ளி, அல்கலைன் பாஸ்பட்டேஸ். ஈரல் அழற்சியைக் காட்டும் நொதிகள் கொஞ்சமே கூடியிருக்க, இது மட்டும் பல மடங்கு உயர்ந்து தடித்த எழுத்தில் நின்றது. பித்தம் இறங்கும் பாதை அடைபட்டால் இப்படித்தான் உயரும். எனக்குத் தெரியாததல்ல, தேர்வுத்தாளில் கேள்வியாகவே கேட்டிருக்கிறேன். வெண்ணெய் எடுக்காத மோரும் அப்போதுதான் புரிந்தது. கொழுப்பு உள்ளே போனால் பித்தப்பை சுருங்கிப் பித்தத்தைத் தள்ளும். தள்ளுவதற்கு வழி இல்லாமல் அக்கா தினமும் காலையில் விலாவைப் பிடித்துக்கொண்டிருந்தாள். செடியை விதை வரை சோதித்தேன். நோயைச் சோதிக்கவில்லை.

அக்காவின் கைப்பையிலிருந்து நான்காக மடித்த சீட்டை எடுத்தேன். "கிளம்பு" என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவள் புடவை மாற்றிக்கொண்டாள். ஸ்கேன் அறைக்கு வெளியே காத்திருக்கும்போதே அவளுக்குக் குளிர் எடுத்தது. பற்கள் தந்தியடிக்கும் அளவுக்கு நடுக்கம். தொட்டால் உடம்பு கொதித்தது. வேலை செய்பவரும் எங்களோடு வந்திருந்தார். தன் முந்தானையை விரித்து அக்காவின் தோளில் சுற்றிப் பிடித்துக்கொண்டார்.

பித்தக்குழாயில் கல். அதன் பின்னால் தேங்கிய பித்தத்தில் தொற்று. அன்று மாலையே பெரிய மருத்துவமனையில் சேர்த்தோம். மறுநாள் வாய்வழியாகக் குழாய் செலுத்திக் கல்லை எடுத்தார்கள். வெளியே வந்த டாக்டர், "சரியான நேரத்துல கூட்டிண்டு வந்தேள். இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா தொற்று ரத்தத்துல பரவியிருக்கும்" என்றார். சரியான நேரம் என்ற சொல்லை அவரிடம் திருத்த எனக்குத் துணிவில்லை.

வீடு திரும்பியதும் வேலை செய்பவருக்கு நன்றி சொன்னேன். "நான் இன்னா பண்ணேன்? பெட்சீட் தோச்சேன். அவ்ளோதான்" என்று பக்கெட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கண்ணில் வெண்மை திரும்ப இரண்டு வாரம் பிடித்தது. அதுவரை நான் அக்காவிடம் சொல்லவில்லை. வகுப்பை மறுபடி தொடங்கிய அன்று, மாணவிகள் போன பிறகு, கைபேசியைத் திறந்து அறிக்கையை அவள் முன்னால் வைத்து அந்த வரியைக் காட்டினேன். அது என்ன சொல்கிறது, எப்போது வந்தது, நான் ஏன் பார்க்கவில்லை என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஸ்வரக்குறிப்பைப் பார்ப்பதுபோல் ஒவ்வொரு வரியாக மேலிருந்து கீழே படித்தாள்.

"சீட்டை மடிச்சு வெச்சது நான்" என்றாள் கடைசியில்.

"மடிச்சதை நான் பிரிச்சிருக்கணும்."

"பிரிச்சிருக்கணும்" என்று ஒப்புக்கொண்டாள். சமாதானமாக ஒரு பொய்கூட அவள் சொல்லாதது எனக்கு ஆறுதலாக இருந்தது.

பித்தப்பையில் இன்னும் கற்கள் இருக்கின்றன, பையையே எடுத்துவிட்டால்தான் இது மறுபடி வராது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதற்கு அவள் இன்னும் பதில் சொல்லியிருக்கவில்லை. சுருதிப்பெட்டியை அணைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"இதுக்கு ஏதாவது செடி இருக்கா?"

"இருக்குன்னு சில பேர் சொல்லுவா. நான் சொல்ல மாட்டேன்."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

"மார்கழிக் கச்சேரியெல்லாம் முடியட்டும்" என்றாள். பிறகு, "இல்லே, வேண்டாம். இப்பவே தேதி கேளு" என்றாள்.

நான் மருத்துவமனையின் எண்ணைத் தேடி எடுத்தேன். மறுமுனையில் மணி அடித்துக்கொண்டிருக்கும்போது, அவள் வந்து என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.